தீவு வீட்டு வாசலில் ஆடுகள்

லின்சி: மறுபடியும் ஆடாப்பா?

இருதயநாதன்: பின்ன? நாலு ஆடு வழி தவறிப் போச்சுன்னு அந்தப் பெரியவர் நடுரோட்டுல நின்னு அழறாரு. பாத்துட்டுப் பேசாம போகச் சொல்றியா?

லின்சி: அந்தப் பெரியவரை எழுதினதே நான்தான். நீங்க இந்த நாலைப் பிடிச்சுக் குடுத்தா, நாளைக்கு வேற நாலு காணாமப் போகும். அவரு அழுதுக்கிட்டேதான் இருப்பாரு. அதுதான் அவரு வேலை.

இருதயநாதன்: பாவம்மா. ஒரு நல்ல நாயாவது எழுதிக் குடுத்திருக்கலாம்ல அவருக்கு.

லின்சி: அப்பா... டி.வி.யைப் பாருங்க. மேல, மூலையில என்ன போட்டிருக்கு?

இருதயநாதன்: கண்ணாடி போடல.

லின்சி: மூக்கு மேலதான் இருக்கு.

இருதயநாதன்: ஓ... "தாய் தீவில் நோயுற்றுக் காத்திருக்கிறாள். மூலிகையுடன் விரைந்து செல்."

லின்சி: விரைந்து. அந்த வார்த்தைய இன்னொரு தடவ படிங்க. இந்த கேமை உங்ககிட்ட பொங்கலுக்குக் குடுத்தேன். மூலிகை அன்னிக்கே உங்க பைக்குள்ள வந்தாச்சு. இப்ப ஆடி பொறந்துடுச்சு. இன்னும் அந்தம்மாகிட்ட போய்ச் சேரல நீங்க.

இருதயநாதன்: அவ எங்க போயிடப் போறா? நாம போற வரைக்கும் அப்படியேதான் படுத்திருப்பான்னு நீதானே சொன்ன.

லின்சி: சொன்னேன்... அதுதான்பா இந்த ஓப்பன் வேர்ல்டோட கோளாறு. உலகத்தை முழுசாத் திறந்து விட்டுடறோம். ஆடறவங்க இஷ்டத்துக்கு மீன் பிடிக்கலாம், சந்தைக்குப் போகலாம், எவன் வீட்டுக் கல்யாணத்துலயாவது பந்தி பரிமாறலாம். கதை மட்டும் பெத்தவ மாதிரி ஒரு மூலையில உக்காந்து, இப்ப வருவான் அப்ப வருவான்னு பாத்துக்கிட்டு இருக்கும்.

இருதயநாதன்: நல்ல ஏற்பாடுதானே? நெஜத்துல யாரு நமக்காகக் காத்திருக்கா... சும்மா சொன்னேன் பாப்பா. பூண்டு உரி. குழம்புக்கு நேரமாகுது.

லின்சி: உரிச்சுக்கிட்டுதான் இருக்கேன். அப்பா, ஒண்ணு கேக்கறேன். இன்னிக்கு ஒரு நாள், நான் பக்கத்துல இருக்கும்போது, அந்தப் பாலத்தைத் தாண்டுங்களேன். ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் ஸ்ரீரங்கம் ஆபீசுக்கு ஓட வேண்டியவ. எல்லாத்தையும் விட்டுட்டு இங்க கே.கே. நகர்ல வந்து உக்காந்திருக்கேன்.

இருதயநாதன்: பாலமா... எந்தப் பக்கம் இருக்குன்னே தெரியலம்மா.

லின்சி: காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவுல ஒரு தீவு. தெக்கேர்ந்து பாலம் ஏறினா எங்க போவீங்க? திருச்சியில பொறந்த ஆளுக்கு வழி தெரியாதா?

இருதயநாதன்: அது நம்ம ஸ்ரீரங்கமேதானா? நானும் நெனச்சேன். கோபுரத்தை மட்டும் காணோம்.

லின்சி: பேச்சை மாத்தாதீங்க. பாலம்.

இருதயநாதன்: அந்தப் பாலம் உறுதியில்லம்மா. ஒரு பக்கம் தூக்கிக்கிட்டு நிக்குது. முப்பத்து நாலு வருஷம் பிளான்ட்ல வெல்டரா இருந்தவன் நான். இன்ஸ்பெக்‌ஷன் ஆகாத பாலத்துல கால் வைக்க மாட்டேன்.

லின்சி: அது மரப்பாலம்பா! வெல்டிங்கே கிடையாது!

இருதயநாதன்: அதான் சொல்றேன். வெல்டிங்கே இல்லாம எவன் ஏறுவான்?

லின்சி: ஐயோ... என்னால முடியல. எனக்கு அசதியா இருக்குப்பா. நெஜமாவே அசதியா இருக்கு. எழுதி எழுதி என்ன பிரயோஜனம்? நாப்பது பேர் விளையாடிப் பாக்கறாங்க. ஒருத்தர் கூட கதையோட முடிவைப் பாக்கல. ஒருத்தன் வெண்டைக்காய் போட்டு வித்துக்கிட்டிருக்கான். ஒரு பொண்ணு மூணு ஊர்ல மூணு வீடு கட்டிட்டா. சொந்தத் தகப்பன் ஆடு மேய்க்கறாரு.

இருதயநாதன்: உன் போன் அடிக்குது.

லின்சி: கை பூரா பூண்டு. எடுத்து ஸ்பீக்கர்ல போடுங்க. யாரு?

இருதயநாதன்: கலீல் தம்பி. இந்த உலகத்தைப் படைச்ச ஆளு.

கலீல்: அஸ்தஃபிருல்லாஹ்! அங்கிள், காதுல விழுந்துச்சு. அப்படியெல்லாம் சொல்லாதீங்க. மேப் போட்டவன்னு சொல்லுங்க, போதும்.

இருதயநாதன்: சரி தம்பி. மேப் நல்லாப் போட்டிருக்கீங்க. பாலம்தான் கொஞ்சம்...

லின்சி: அப்பா! கலீல், சொல்லு. ஞாயித்துக்கிழமை என்ன?

கலீல்: ஆபீஸ்லதான் இருக்கேன். வீதி முழுக்கக் கூட்டம், டீ குடிக்கக் கீழ இறங்க முடியல. லின்சி, ஒரு நல்ல செய்தி. நீ ஆறு மாசமா எங்கிட்ட சண்டை போட்டியே, அதைப் பண்ணிட்டேன்.

லின்சி: எதை?

கலீல்: கெடு. தீவு அம்மாவுக்கு இனிமே பத்து நாள்தான். கேமுக்குள்ள பத்து நாள். அதுக்குள்ள வந்து சேரலேன்னா, அவங்க பாட்டுக்குப் போயிடுவாங்க. இனிமே ஒரு பய வெண்டைக்காய் போட மாட்டான். ஓடி வருவான். உன் கதைக்கு உயிர் வந்துருச்சு!

இருதயநாதன்: போயிடுவாங்கன்னா...?

கலீல்: இறந்துடுவாங்க அங்கிள்.

லின்சி: வேணாம் கலீல்.

கலீல்: என்னது?

லின்சி: இப்ப வேணாம். ஆடறவங்க பாவம். சுத்திப் பாக்க ஆசையா வந்திருப்பாங்க, அவங்களைப் போட்டு விரட்டக் கூடாது...

கலீல்: ஏய், ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுத கதையா இருக்கே! நீ எப்பப்பா ஆடறவங்களுக்காகக் கவலைப்பட்ட? "உன் உலகத்தைத் தூக்கிக் குப்பையில போடு, ஒரே ஒரு தெரு போதும், என் கதை நேரா நடந்து போகட்டும்"னு கத்தினது யாரு?

லின்சி: நான்தான். கத்தினேன்.

கலீல்: நான் என்ன சொன்னேன்? ஒரே தெருவுல கதை சொல்றது குண்டுச்சட்டியில குதிரை ஓட்டறது. வழி தவறிப் போறவன்தான் தானா ஒரு கதையைக் கண்டுபிடிப்பான்னு சொன்னேன். நீ ஒத்துக்கல. சரி, உனக்காக நானே இறங்கி வந்து கெடு வச்சா, இப்ப வேணாங்கற.

லின்சி: அப்புறம் பேசிக்கலாம்.

கலீல்: எனக்கு ஒண்ணு மட்டும் புரியல லின்சி. அங்கிள் இருக்காருன்னு பாக்க மாட்டேன், கேட்டுடறேன். உலகம் பெருசாயிடுச்சு, கதை காணாமப் போயிடுச்சுன்னு எங்கிட்ட சண்டை. ஆனா ஆடு வேணும்னு கேட்டது யாரு? நீ. மீன்பிடிப் போட்டி? நீ. மூணு கல்யாணம், ஒரு காதுகுத்து? எல்லாம் உன் எழுத்து. நான் வெறும் வயக்காடாத்தானே போட்டு வச்சிருந்தேன். மாசா மாசம் பாலத்துக்கு முன்னாடி ஒரு சைடு குவெஸ்ட் கொண்டு வந்து செருகறது நீதான்.

இருதயநாதன்: சைடு குவெஸ்ட்டுன்னா என்ன தம்பி?

கலீல்: சில்லறை வேலை அங்கிள். கதைக்குச் சம்பந்தமில்லாதது. நீங்க மேய்க்கறீங்களே, அது.

லின்சி: கிராமம்னா ஆடு இருக்கணும். அதுக்காக எழுதினேன். அவ்வளவுதான்.

கலீல்: சரி விடு. ஞாயித்துக்கிழமை மூடைக் கெடுக்கல. கெடுவை ஒத்தி வைக்கறேன். ஆனா குரல் இன்னிக்கு மாறுது. சென்னையிலேர்ந்து அந்த நடிகை பேசினது முழுசா வந்துருச்சு. சாயந்திரம் எல்லாருக்கும் அப்டேட் போயிடும்.

லின்சி: ம்... தெரியும்.

இருதயநாதன்: எந்தக் குரல் தம்பி மாறுது?

கலீல்: எல்லாமே அங்கிள். இப்ப இருக்கறதெல்லாம் தற்காலிகம். நடிகருங்க பேசித் தர்ற வரைக்கும் நாங்களே எதையாவது பேசி ஒட்டி வச்சிருப்போம். அந்த அழற பெரியவர் குரல் என்னோடது.

இருதயநாதன்: அப்ப... அந்தத் தீவு அம்மா குரல்?

கலீல்: அதுதான் முதல்ல மாறுது.

இருதயநாதன்: அதை எதுக்கு மாத்தணும்? அது நல்லாத்தானே இருக்கு!

கலீல்: நீங்க எங்க அங்கிள் கேட்டீங்க? பாலமே தாண்டலையே நீங்க?

இருதயநாதன்: ...இல்ல. நல்லாத்தான் இருக்கும்னு சொன்னேன். ஒரு பேச்சுக்கு.

கலீல்: நல்லாத்தான் இருக்கும், ஆனா பின்னாடி என்னமோ விசில் சத்தம் வருது. பறவையான்னு கேட்டா லின்சி பதில் சொல்ல மாட்டேங்கறா. யாரு பேசினதுன்னு கேட்டாலும் தெரிஞ்சவங்கன்னு ஒரு வார்த்தை. ஆங், லின்சி, அந்தத் தீவு வீட்டுக் கதவுல ஏதோ கோளாறு. ஆடறவங்க எந்தெந்த இடத்துல ரொம்ப நேரம் நிக்கறாங்கன்னு மேப்ல சிவப்பாத் தெரியுமில்ல? அந்த வீட்டு வாசல்ல ரத்தச் சிவப்பா ஒரு புள்ளி. யாரோ தினம் வந்து மணிக்கணக்கா கதவுக்கு வெளியிலயே நிக்கறாங்க. உள்ள போகல. கதவு திறக்க மாட்டேங்குதோ என்னவோ. அந்த ரூமை நீ தொட விடறதில்ல. நீயே பாத்துடு.

லின்சி: பாக்கறேன்.

கலீல்: தமாஷ் என்னன்னா, அந்தாளு கூடவே நாலு ஆடும் நிக்குது. சரி, வைக்கறேன். அங்கிள், குழம்பு மிச்சம் வையுங்க!

இருதயநாதன்: நல்ல பையன்.

லின்சி: அப்பா.

இருதயநாதன்: குழம்பு கொதிச்சிருக்கும், போய்ப் பாத்துட்டு...

லின்சி: இன்னும் அடுப்பே பத்த வைக்கலப்பா. உக்காருங்க. எத்தனை நாளா?

இருதயநாதன்: எது?

லின்சி: நாலு ஆட்டோட நீங்கதானே அது? நாப்பது பேருல ஆடு மேய்க்கறவர் நீங்க ஒருத்தர்தான்.

இருதயநாதன்: ...நான் வேணும்னு போகல பாப்பா. சத்தியமா. ஒரு ஆடு ஓடிருச்சு. பின்னாடியே போனேன். அது பாட்டுக்குப் பாலத்துல ஏறிடுச்சு. விட முடியுமா? தீவுல மொத வீட்டு வேலியில போய் மேய ஆரம்பிச்சுது. நான் அதைப் பிடிக்கலாம்னு வாசப்பக்கம் வந்தேன். உள்ளேர்ந்து... உள்ளேர்ந்து...

லின்சி: என்ன கேட்டுச்சு?

இருதயநாதன்: "கதவு சும்மாதான் சாத்தியிருக்கு, தள்ளிட்டு வா. குடையை வெளியிலயே வையி, வீடெல்லாம் ஈரமாக்காத"ன்னா. ரிமோட்டைக் கீழ போட்டுட்டேன். நான் கிறுக்காயிட்டேன்னு நெனச்சேன். சமையக்கட்டுக்குள்ள போய்க்கூடத் தேடினேன், தெரியுமா? அப்புறம் திரும்ப வந்து நின்னேன். திரும்பவும் அதேதான் சொன்னா. குடைங்கறதை அப்படி இழுத்துச் சொல்ல உங்கம்மாவால மட்டும்தான் முடியும். பின்னாடி நாம முன்னாடி இருந்த கைலாசபுரம் குவார்ட்டர்ஸ் குக்கர் வேற விசிலடிக்குது. ராஜா காலத்துக் கதையில குக்கர் ஏதும்மா?

லின்சி: நீங்க ஏன்பா எங்கிட்ட கேக்கல?

இருதயநாதன்: கேட்டா, தப்பாப் போயிடுச்சுப்பான்னு சொல்லி நீ அந்தக் குரலை எடுத்துட்டா? நானா ஒண்ணும் தெரியாத மாதிரி இருந்தா, நீயும் விட்டுடுவேன்னு பாத்தேன். அதான் தினம் ஆட்டை ஓட்டிக்கிட்டுப் போறது. போய் நிக்கறது. ஒரு வார்த்தை கேக்கறது. வந்துடறது.

லின்சி: உள்ள போகவே இல்லையா?

இருதயநாதன்: உள்ள போனா கதை முடிஞ்சிடும்னு நீ முன்னாடியே சொல்லியிருக்கியே. மூலிகை குடுத்தாலும் பிழைக்க மாட்டான்னு. நான் வெளியில நிக்கற வரைக்கும் அவ பேசிக்கிட்டேதானே இருக்கா... எனக்கு அது போதும்மா.

லின்சி: ரெண்டு வருஷமாகப் போகுதுப்பா அம்மா போய். ஒரு நாள் கூட நீங்க அம்மாவைப் பத்திப் பேசினதில்ல. நான் பேச ஆரம்பிச்சா எழுந்து போயிடுவீங்க. புடவையெல்லாம் ஒரே வாரத்துல எடுத்துக் குடுத்தீங்க. அம்மா போனைக் கூட சித்திகிட்ட குடுத்தீங்க. உங்களுக்கு வேணாம்னு நெனச்சேன். உங்க மேல எனக்கு அவ்வளவு கோவம்.

இருதயநாதன்: கண்ணுல பட்டா தாங்கலம்மா. அதான் குடுத்தேன். குடுத்தப்புறம்தான் தெரிஞ்சுது, அவ குரல்னு எங்கிட்ட ஒண்ணுமே இல்லேன்னு. நீ பெங்களூர்ல இருந்தப்ப உனக்கு தினம் வாய்ஸ் மெசேஜ் அனுப்புவா. எனக்கு எதுக்கு அனுப்பப் போறா? நான்தான் வீட்டுலயே இருந்தேனே. சமையக்கட்டுலேர்ந்து கூப்பிட்டாலே கேட்டுடும். முப்பது வருஷத்துக்கு மேல குடும்பம் நடத்தினேன், ஒரு வார்த்தை கூட மிச்சம் இல்ல.

லின்சி: அப்பா... அழாதீங்க.

இருதயநாதன்: அழல. பூண்டு.

லின்சி: பூண்டு கண்ணைக் கரிக்காதுப்பா.

இருதயநாதன்: உன் பூண்டு கரிக்குது. சரி, நீ சொல்லு. எதுக்கு அவ குரலைக் கொண்டு போய் அங்க வச்ச?

லின்சி: மொத மொத எழுதும்போது, அந்தம்மாவுக்குத் தற்காலிகமா ஒரு குரல் வேணும்னு கலீல் கேட்டான். நானே பேசிப் பாத்தேன், சகிக்கல. எழுதினதெல்லாம் அம்மா பேசற மாதிரியேதான் வந்துச்சு. சரின்னு என் போன்ல இருந்த அம்மா மெசேஜ்லேர்ந்து வார்த்தை வார்த்தையா எடுத்து வெட்டி ஒட்டிட்டேன். ரெண்டு நாளைக்குன்னு வச்சது. அப்புறம் எடுக்கவே மனசு வரல.

இருதயநாதன்: அப்ப இன்னும் உன் போன்ல இருக்கா?

லின்சி: இருக்கு. உங்களுக்கு எல்லாத்தையும் அனுப்பறேன். சத்தியமா இன்னிக்கே அனுப்பறேன். உங்களுக்கு வேணும்னு தெரிஞ்சிருந்தா அன்னிக்கே குடுத்திருப்பேன்.

இருதயநாதன்: என்னைப் பத்தி ஏதாவது சொல்லியிருக்காளா?

லின்சி: நெறைய. "உங்கப்பா பாலக்கரையில மீன் வாங்கிட்டு வந்திருக்காரு, மீனைக் காணோம், முள்ளுதான் இருக்கு"ன்னு ஒண்ணு இருக்கு.

இருதயநாதன்: சொல்லுவா... சொல்லுவா. அன்னிக்கு அந்த மீனைத் தின்னவ யாரு?

லின்சி: சிரிக்காதீங்கப்பா, எனக்கு அழுகை வருது.

இருதயநாதன்: வரட்டும். எனக்கும்தான். சரி, அந்த ரிமோட்டைக் கையைத் துடைச்சுட்டு எடுத்துக் குடு.

லின்சி: எதுக்கு?

இருதயநாதன்: சாயந்திரம் யாரோ ஒருத்தி வந்து அங்க படுத்துக்கப் போறா. அதுக்குள்ள நாம போயிட்டு வந்துடுவோம். இத்தனை நாள் வாசல்லயே நின்னுட்டேன். எனக்கும் கால் ஓஞ்சு போச்சு. பாரு, பாலம்... தாண்டியாச்சு.

லின்சி: வழி தெரியாதுன்னீங்க.

இருதயநாதன்: கண்ணை மூடிக்கிட்டுப் போவேன். இதோ வேலி. இதோ வாசல். நீ கிட்ட வந்து உக்காரு. கையைப் பிடிச்சுக்க.

லின்சி: கேக்குதுப்பா... "தள்ளிட்டு வா"ங்கறாங்க.

இருதயநாதன்: தினம் அப்படித்தான் சொல்றா. லின்சி... பயமா இருக்கும்மா. எனக்கு முன்கூட்டியே சொல்லிடு. கதவைத் தள்ளினா உள்ள என்ன சொல்லுவா? நீ எழுதினதுதானே, உனக்குத் தெரியுமே?

லின்சி: தெரியாதுப்பா. நடிகைக்கு எழுதிக் குடுத்தது வேற, இப்ப அந்த ரூம்ல இருக்கறது நான் எழுதினதே இல்ல. ஆஸ்பத்திரிக்குக் கிளம்பின அன்னிக்குக் காலையில அம்மா எனக்கு ஒரு மெசேஜ் அனுப்பினாங்க. அதைத் திறக்கறதுக்குள்ள, அம்மா போயிட்டாங்கன்னு நீங்க போன் பண்ணிட்டீங்க. அப்புறம் எனக்கு அதைக் கேக்கத் தைரியமே வரல, இன்னிக்கு வரைக்கும் கேக்கல. கேக்காமலே கொண்டு போய் அங்க வச்சேன், எவனாவது ஒருத்தன் கதவைத் திறந்தா கூட உக்காந்து கேட்டுடலாம்னு. வச்சதும் பயமாயிடுச்சு. யாரும் அங்க போய்ச் சேந்துடக் கூடாதேன்னுதான் வழி நெடுக அத்தனை ஆட்டையும் எழுதிப் போட்டேன்.